மலைக்காய்ச்சலும் இராமேசுவரத்துக் கொசுவும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், கோமுகி அணையைக் கடந்து மலையேறத் தொடங்கியதுமே வெயிலின் கடுமை குறைந்துவிடுகிறது. கல்வராயன் மலையின் பழைய ஜாகிர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதற்காகவே நாங்கள் நால்வரும் அங்குச் சென்றிருந்தோம். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார் குடிகளின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த மலை அது. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தம் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மலையாளிக் குடிகள் வாழும் இடம். வரியும் ஊழியமும் எப்படி வாங்கப்பட்டன, கீழ்நாட்டு அதிகாரிகள் எப்போதெல்லாம் மேலே வந்தார்கள் என்பன போன்ற கேள்விகளைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தோம்.

வெள்ளிமலையில் நாங்கள் சந்தித்த முதியவர் ஒருவர் இரண்டாவது கேள்விக்குத் தந்த விடைதான் எங்களைத் திசை திருப்பியது. "அந்தக் காலத்துல கீழ்நாட்டு ஆளுங்க யாரும் இங்க ராத்தங்க மாட்டாங்க சாமி. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுவாங்க. தங்குனா காய்ச்சல் புடிச்சுக்கும்னு பயம்."

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. மலைக்காய்ச்சலைப் பற்றிச் சமவெளியில் வழங்கும் கதைகள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் குற்றம் சாட்டும். 'மலைத்தண்ணி ஒத்துக்கொள்ளாது' என்பார்கள். காற்றைச் சொல்வாரும் உண்டு. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படுவதுதானே! ஆனால் அம்முதியவர் நீரையும் சொல்லவில்லை, காற்றையும் சொல்லவில்லை. இரவைச் சொன்னார். பகலில் வந்து, மலைத்தண்ணீரைக் குடித்து, மலைக்காற்றைச் சுவாசித்துவிட்டு மாலையில் இறங்கியவனுக்கு ஒன்றும் நேராது. இரவு தங்கியவன்தான் படுப்பான். நீரும் காற்றும் பகலிலும் இருப்பவை. இரவில் மட்டும் வருவது எது?

இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் 1897ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடை கிடைத்த பிறகும், அந்த விடைக்குள் மறைந்திருந்த இன்னொரு கேள்வி நூறு ஆண்டுகள் நீடித்தது. அதன் ஒரு பகுதி தீர்ந்தது நம் இராமேசுவரத்தில்.

முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் இந்நோய்க்கு இட்ட பெயர் மிகப் பொருத்தமானது. முறை வைத்து வரும் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்று கணக்குத் தவறாமல் குளிரும் நடுக்கமும் வந்து, வியர்த்து இறங்கிவிடும். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவராக இருந்த லாவரான், 1880 நவம்பர் 6ஆம் நாள் ஒரு நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். உருண்டையான ஓர் உடலிலிருந்து நீண்ட இழைகள் சாட்டையைப் போல் வெளிவந்து துடித்ததையும் கண்டார். அந்த இழைகள் எவை? பலர் அவற்றை ஒட்டுண்ணியின் சாவுத் துடிப்பு என்று எண்ணி ஒதுக்கினர். இலண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன் அப்படி எண்ணவில்லை. யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதை முன்னமே கண்டறிந்தவர் அவர். இரத்தம் உடலை விட்டு வெளியேறிய சில நிமிடங்களில்தான் இந்த இழைகள் தோன்றுகின்றன. ஆகவே இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுசெல்லும் கொசுவின் வயிற்றுக்காகவே அவை காத்திருக்கின்றன என்பது அவருடைய ஊகம். அருமையான ஊகம். ஆனால் அடுத்த அடியில் மான்சனும் தண்ணீரில்தான் கால் வைத்தார்! கொசு நீரில் முட்டையிட்டு அங்கேயே மடிகிறது, அந்நீரைக் குடிப்பவனுக்கு நோய் வருகிறது என்று அவர் கருதினார். வெள்ளிமலை முதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1857இல் அல்மோராவில் பிறந்து, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த ரொனால்ட் ராஸ், 1894இல் இலண்டனில் மான்சனைச் சந்தித்தார். மறு ஆண்டு செகந்திராபாத் திரும்பியதும் கொசு செத்துக்கிடந்த நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். தெளிவான பயன் கிட்டவில்லை. 1897இன் கோடையில் விடுப்பில் உதகைக்குச் சென்றவர், அருகிலுள்ள சீகூர் மலைச்சரிவில் காய்ச்சல் மிகுந்த தோட்டங்களை ஆராயப் போய், அங்கே தாமே மலேரியாவில் படுத்தார். ஆராய்ச்சியாளருக்கும் மலை விலக்குத் தரவில்லை.

செகந்திராபாத் திரும்பிய பிறகு நடந்தவை பலமுறை எழுதப்பட்டவைதாம். ஆயினும் ஒரு பெயருக்காக மீண்டும் சொல்கிறோம். 1897 ஆகஸ்ட் 16ஆம் நாள், உசேன் கான் என்ற நோயாளியின் மீது, புழுப்பருவத்திலிருந்து வளர்த்த புள்ளிச் சிறகுக் கொசுக்களைக் கடிக்க விட்டார் ராஸ். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 20ஆம் நாள், எஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றைக் கிழித்து வயிற்றுச் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அங்கே இருக்கக்கூடாத வட்டமான அணுக்கள் தென்பட்டன. அவற்றுள் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய நிறத்துகள்கள் இருந்தன. மறுநாள் கடைசிக் கொசுவில் அதே அணுக்கள் இன்னும் பெரிதாக இருந்தன. வளர்கின்றன! அன்றிரவு ராஸ் கவிதை எழுதினார் என்பது அனைவரும் அறிந்த செய்தி. உசேன் கான் என்ன ஆனார் என்பது எந்தக் கவிதையிலும் இல்லை.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டு மீதி வழியையும் ராஸ் கண்டறிந்தார். வயிற்றுச் சுவரில் வீங்கிய அணுக்கள் வெடித்து, ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் கொசுவின் உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்க் குவிகின்றன என்பதை 1898 சூலையில் கண்டார். கடிக்கும்போது உமிழ்நீரோடு அவை நம் உடலுக்குள் இறங்குகின்றன. குடிநீர்க் கொள்கை அன்றோடு முடிந்தது. அவருக்கு அங்கே துணைநின்ற கிஷோரி மோகன் பந்தோபாத்யாயாவுக்கு 1903இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் பொற்பதக்கம் கிடைத்தது. மனித மலேரியாவில் அனோபிலிஸ் கொசுவுக்கு உள்ள பங்கை முழுமையாக மெய்ப்பித்தவர்கள் கிராசி முதலிய இத்தாலியர்கள். இரு தரப்பினருக்கும் இடையே நடந்த சண்டையைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை முடியாது.

நம் வரலாற்று ஆர்வலர்கள் பெரும்பாலும் ராஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ராஸ் கண்டது நான்காம் நாள் காட்சி. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் கொசுவின் வயிற்றுக்குள் என்ன நடந்தது?

அதே 1897இல், அமெரிக்காவில் மருத்துவ மாணவராக இருந்த மக்கல்லம் என்பவர், காக்கைகளின் இரத்தத்தில் வாழும் ஓர் உறவுக்கார ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். லாவரானைக் குழப்பிய அந்தச் சாட்டை இழைகளுள் ஒன்று தனியே அறுந்து நீந்திச் சென்று, அருகில் இழையின்றிக் கிடந்த மற்றோர் உருண்டைக்குள் புகுந்து மறைந்ததைக் கண்டார். சாட்டைகள் ஆண், உருண்டை பெண். சாவுத் துடிப்பு என்று எண்ணப்பட்டது உண்மையில் ஒரு திருமணம்!

மலேரியா ஒட்டுண்ணியின் திருமணம் கொசுவின் வயிற்றில் மட்டுமே நடக்கிறது. மனித உடலில் அது கோடிக்கணக்கில் பெருகலாம். ஆனால் அதெல்லாம் தன்னைத்தானே படியெடுக்கும் பெருக்கம்தான். ஓர் ஓலைச்சுவடியைப் பார்த்து ஆயிரம் சுவடி எழுதுவது போல. எழுத்துப்பிழை புகலாம், ஆனால் இரண்டு சுவடிகளின் பாடங்கள் கலப்பதில்லை. கலப்பு நடக்க வேண்டுமானால் கொசு வேண்டும். எவ்வுயிரின் உடலில் ஆண் பெண் கூடல் நடைபெறுகிறதோ அதுவே ஒட்டுண்ணியின் முதன்மை விருந்தோம்பி என்பது உயிரியலின் இலக்கணம். அதன்படி மலேரியாவின் முதன்மை விருந்தோம்பி கொசு. நாம் இடைப்பட்டவர்கள். நோயெல்லாம் நமக்கு, சிறப்பெல்லாம் கொசுவுக்கு!

அந்த மூன்று நாட்களை இன்று மணிக்கணக்கில் சொல்ல முடிகிறது. கொசு உறிஞ்சிய இரத்தத்துடன், மணத்துக்குத் தயாரான ஆண், பெண் வடிவங்கள் வயிற்றுக்குள் சேர்கின்றன. மனித உடலின் சூட்டிலிருந்து கொசுவின் குளிர்ந்த உடலுக்கு வந்ததே முதல் அழைப்பு. இரண்டாவது அழைப்பு, கொசுவின் உடலிலேயே உண்டாகும் சாந்துரீனிக் அமிலம் என்ற பொருள். அதை 1998இல் கண்டறிந்தார்கள். இவ்விரண்டும் கூடிய பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் ஆண் அணு தன் மரபுப்பொருளை மூன்று முறை இரட்டித்து, எட்டுச் சாட்டைகளாகப் பிரிகிறது. கூடல் முடிந்து உருவாகும் கருவணுவில்தான், ஒட்டுண்ணியின் வாழ்நாளிலேயே ஒரே ஒரு முறை, தாய்வழியும் தந்தைவழியுமாக இரண்டு தொகுதிக் குரோமோசோம்கள் ஒன்றாக இருக்கின்றன. தொகுதிக்குப் பதினான்கு. சில மணி நேரத்தில் அவை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒற்றைத் தொகுதிகளாகப் பிரியத் தொடங்கிவிடுகின்றன. ஒரு நாளுக்குள் அந்தக் கரு புழுவைப்போல் ஊர்ந்து, குடல் சுவரைத் துளைத்து, வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அது வட்டமாக வீங்கத் தொடங்கியதைத்தான் ராஸ் கண்டார். மணமக்களை அவர் பார்க்கவில்லை. மணவீட்டுப் பந்தலைப் பார்த்தார்.

இந்தத் திருமணத்தை மனிதர்களே நடத்திவைக்க முடியுமா? எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் வாலிக்கர் 1970களில் எலிகளின் மலேரியாவில் முயன்று வெற்றி கண்டார். 1987இல் அவரும் அமெரிக்கக் கூட்டாளிகளும் மனித மலேரியாவிலேயே, அதிலும் கொடிய பால்சிபாரம் வகையிலேயே, அதைச் செய்தனர். மணமக்களின் வரலாறு சுவையானது. ஒன்று, ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்கு அருகில் வாழ்ந்த ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்த ஒட்டுண்ணியின் வழிவந்தது. விமானத்தில் வந்திறங்கிய ஆப்பிரிக்கக் கொசு ஒன்று கடித்திருக்க வேண்டும் என்பது கருத்து. மற்றொன்று நடு அமெரிக்காவின் ஹோண்டுராசிலிருந்து வந்தது. இரண்டையும் கலந்து ஊட்டப்பட்ட கொசுக்களின் வயிற்றில் கண்டங்கடந்த மணம் நிகழ்ந்தது. பிறந்த பிள்ளைகளில் இரு குடிகளின் மரபும் கலந்திருந்தது.

வெறும் விந்தைக்காகச் செய்த காரியம் அன்று. குளோரோகுவின் மாத்திரைக்கு அசையாத பால்சிபாரம் இந்தியாவில் முதன்முதலாக அசாமில் 1973இல் கண்டறியப்பட்டிருந்தது. மலிவான, ஏழைகளின் மருந்து கைநழுவிக்கொண்டிருந்தது. ஒட்டுண்ணியின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களுள் எது அந்தத் துரோகத்தைச் செய்கிறது? மருந்துக்கு மடியும் ஒன்றையும் மடியாத ஒன்றையும் கொசுவின் வயிற்றில் மணமுடித்து, பிள்ளைகளில் யார் தப்பினார்கள், அவர்களுக்குப் பொதுவாக எந்தத் துண்டு வந்திருக்கிறது என்று பார்த்தனர் வெல்லெம்சும் அவருடைய குழுவினரும். ஏழாவது குரோமோசோமின் ஒரு பகுதி அகப்பட்டது. அதற்குள் குற்றவாளி மரபணுவைத் தனித்துப் பிடிக்க 2000 வரை ஆயிற்று. இந்தியா 2010இல் பால்சிபாரத்துக்குக் குளோரோகுவின் தருவதை நாடு முழுவதும் கைவிட்டது. இந்தக் கணக்கைப் போட உதவிய கொசுதான், காட்டிலும் வயலிலும் புதுப்புதுக் கலவைகளை உண்டாக்கிக்கொண்டும் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

கொசுவுக்குள் ஒட்டுண்ணி எந்தப் பருவத்தில் எந்த வேடம் பூணவேண்டும் என்பதற்கும் மரபணுக்கள் உண்டு. ஊரும் கருவாவதற்கு ஓர் ஆணை மரபணு, சுரப்பிக்குள் போகும் நுண்ணிழையாவதற்கு இன்னொன்று என்று ஜப்பானின் மசாவோ யூடாவின் குழுவினர் 2009, 2010 ஆண்டுகளில் காட்டினர். மனித இரத்தத்தில் இருக்கும்போதே 'இனி நீ மணவாழ்வுக்குப் போ' என்று ஆணையிடும் மரபணுவை 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அது கெட்டுப்போன ஒட்டுண்ணி இரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். ஆனால் கொசுவுக்குப் போகாது. அந்த நோயாளியோடு அதன் குலம் முடிந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் நுண்ணிழை போர்த்திக்கொள்ளும் மேலாடைப் புரதத்தின் மரபணு 1984இலேயே படிக்கப்பட்டுவிட்டது. அந்த மேலாடையை அடிப்படையாகக் கொண்ட இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்தது. இரண்டாவது, புனேயில் தயாராகிறது. கொசுவுக்குள் தைக்கப்பட்ட சட்டையே அடையாளமாகிப் பிடிபட்டது எனலாம்.

இதுவரை சொன்னது மணமக்களின் மரபு. மண்டபத்துக்கும் ஒரு மரபு உண்டல்லவா? எல்லாக் கொசுவும் இந்தத் திருமணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆப்பிரிக்க அனோபிலிஸ் கொசுவில் ஒட்டுண்ணியை ஏற்காத ஒரு குலத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். அக்கொசுக்கள் குடல் சுவரைத் துளைத்து வந்த கருவை ஒரு கரிய பூச்சால் மூடி அங்கேயே சமாதி கட்டிவிடுகின்றன. இப்பண்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இனித்தான் நம் ஊர்க் கதை.

இந்திய நாட்டுப்புறங்களில் மலேரியாவைப் பெருமளவில் பரப்புவது அனோபிலிஸ் குலிசிபாசிஸ் என்ற கொசு. ஆனால் ஒரு புதிர் நெடுநாளாக இருந்துவந்தது. இதே கொசு மண்டிக்கிடக்கும் சில மாவட்டங்களில் காய்ச்சல் கடுமை. அதே அளவு மண்டிக்கிடக்கும் வேறு சில மாவட்டங்களில் காய்ச்சல் அரிது. கொசுவைக் கையில் வைத்து எத்தனை உருப்பெருக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. 1980இல் கிரீனும் மைல்சும் அதன் குரோமோசோம்களைப் பார்த்தார்கள்.

கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இந்த முறை பிடித்துப்போகும். பாதி சூலுற்ற பெண் கொசுவின் சூலகத்தில், பலமடங்கு தடித்த குரோமோசோம்கள் கிடைக்கின்றன. சாயமிட்டு நசுக்கினால் அவற்றில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். மைப்படி எடுத்தது போலவே இருக்கும். சிலவற்றில் ஒரு பகுதிப் பட்டைகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். வரியின் நடுவில் ஒரு தொடரை வெட்டித் திருப்பி ஒட்டியது போல. ஒரே கூட்டத்தார் தமக்குள் மணம் செய்துகொண்டிருந்தால், ஒருபக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வாங்கிய கலப்புப் பிள்ளைகள் ஏராளமாகத் தென்பட வேண்டும். தென்படவில்லை! ஒரே ஊரில், ஒரே மாட்டுத் தொழுவத்தில் அமர்ந்திருக்கும் இரு கூட்டத்தார் ஒருவரோடு ஒருவர் கொள்வினை கொடுப்பினை செய்வதே இல்லை. ஆக, குலிசிபாசிஸ் என்பது ஓர் இனமன்று. ஏ, பி என்று இரண்டு. தில்லியில் மலேரியா ஆய்வு மையத்தின் சரளா சுப்பாராவும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து நாடெங்கும் ஆராய்ந்து, சி, டி என்று மேலும் இரண்டைச் சேர்த்தனர்.

புதிரின் பெரும்பகுதி இதனால் அவிழ்ந்தது. பி இனம் மாட்டு இரத்தத்தையே பெரிதும் நாடுவது. ஒட்டுண்ணிக்கும் சரியாக இடம் கொடுக்காதது. பி மட்டும் மிகுந்திருக்கும் மாவட்டங்களில் காய்ச்சல் குறைவாக இருந்தது. பி இனக் கொசுக்களை மலைபோலக் கொன்று குவித்தும் காய்ச்சல் குறையாமல் போனால் அது மருந்தின் குற்றமன்று, ஆள் மாறாட்டம்.

ஆனால் இராமேசுவரம் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. மணற்பாங்கான அத்தீவில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் வார்க்கத் தோண்டும் குழிகளிலும் கிணறுகளிலும் குலிசிபாசிஸ் வளர்கிறது. குரோமோசோமின் பட்டைகளைப் படித்தால் அது பி இனம். சாது. ஆனால் தீவில் மலேரியாவோ ஓயாமல் இருந்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் வந்துபோகும் யாத்திரிகர்களை எண்ணிப் பாருங்கள். அங்கு இரவு தங்கியவன் காசிக்கும் கன்னியாகுமரிக்கும் புண்ணியத்தோடு வேறொன்றையும் சுமந்து செல்லக்கூடும். படித்த பாடம் தவறா, அல்லது கல்வெட்டில் படிக்காத பக்கம் ஏதேனும் இருக்கிறதா?

படிக்காத பக்கம் இருந்தது. காரும் சுப்பாராவும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட முடிவு இது. இராமேசுவரத்துப் பெண் கொசுக்களைத் தனித்தனியே முட்டையிடச் செய்து, பிறந்த ஆண் பிள்ளைகளின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஒய் இல்லை. ஆகவே தாய் எக்குலத்தவள் என்பதை மகனைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. மகன்களில் இரண்டு வகையினர் இருந்தனர். சிலரின் ஒய், ஒரு முனையில் இடுக்கப்பட்டு ஒற்றைக் கையோடு இருந்தது. மற்றவர்களுடையது நடுவுக்கு அருகே இடுக்கப்பட்டு இரண்டு கைகளோடு இருந்தது. பின்னர்த் தாய்மார்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளோடு ஒப்பிட்டபோது, ஒட்டுண்ணியின் நுண்ணிழைகளைச் சுமந்தவர்கள் இரண்டு கை ஒய் உடைய மகன்களைப் பெற்றவர்களே என்று தெரிந்தது. பட்டைகளில் பி போலவே தோன்றிய அந்தக் கூட்டம் வேறு இனம். ஆங்கில அகரவரிசைப்படி அதற்கு 'ஈ' என்று பெயர் வாய்த்தது. தமிழில் கொசுவை ஈ என்றழைக்கும் விபத்து இப்படி நேர்ந்தது!

பாக் நீரிணைக்கு அப்பால் இதே புதிர் இன்னும் பெரிய உருவில் கிடந்தது. இலங்கையில் 1934-35இல் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி, குலிசிபாசிஸ் பெருகி, ஏறத்தாழ 80,000 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. பின்னாளில் டி.டி.டி. தெளித்ததில் 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலை வந்தது. தெளிப்பைத் தளர்த்தியதும் 1969க்குள் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு கொடுமை செய்த கொசு, பட்டைகளைப் படித்தவரை, பி இனம் மட்டுமே. எப்படிப் பொருந்தும்? 2000இல் சுரேந்திரன் முதலியோர் இலங்கைக் கொசுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தபோது அங்கும் பியோடு ஈ கலந்திருப்பது தெரிந்தது. சேதுவின் இருகரையிலும் ஒரே குற்றவாளி.

இலங்கை மலேரியாவை ஒழித்தது இந்தக் கண்டுபிடிப்பினால்தான் என்று எழுதிவிட எங்களுக்கு ஆசைதான். ஆனால் அது நேர்மையாகாது. போர்க்காலத்திலும் விடாமல் வீடுவீடாகச் சென்று இரத்தம் எடுத்துப் பார்த்த களப்பணியாளர்களும், உரிய நேரத்தில் தந்த மருந்தும், மருந்திட்ட கொசுவலைகளும்தான் முதற்காரணம். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016 செப்டம்பரில். இன அறிவு தந்தது வேறொன்று: எந்தக் கொசுவின் மீது கண் வைக்க வேண்டும் என்ற தெளிவு. எழுபதாண்டுகளாக ஓர் ஊரையே கைது செய்துகொண்டிருந்தோம். இப்போது ஆளைத் தெரியும்.

மீண்டும் வெள்ளிமலைக்கு வருவோம். மலைச்சாரல்களில் காய்ச்சல் பரப்பும் கொசு பெரும்பாலும் குலிசிபாசிஸ் அன்று. புளூவியாடிலிஸ் என்ற மற்றோர் அனோபிலிஸ். மெல்ல ஓடும் தெளிந்த ஓடையின் புல்லோரங்களில் அது வளரும். 1930களின் இறுதியில் வயநாட்டில் ஆராய்ந்த கோவெல் முதலியோர் அதையே அங்கு முதற்குற்றவாளியாகக் கண்டனர். அதுவும் ஓர் இனமன்று என்பதைச் சுப்பாராவின் குழுவினரே 1994இல் காட்டினர்: எஸ், டி, யு. இவற்றுள் எஸ் மனிதரை நாடும் கொடியவன். மற்ற இரண்டும் பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிடுபவை.

இவ்வளவையும் படித்துவிட்டு இரண்டாம் முறை மலையேறியபோது, குழுவில் உயிரியல் படித்த நண்பர் ஒரு வெள்ளை அகப்பையைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஜாகிர் ஆவணங்களைத் தேட வந்தவர்கள் ஓடைக்கரையில் குந்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, கடுக்காய் மூட்டையோடு போன இருவர் நின்று சிரித்துவிட்டுச் சென்றனர். நாலைந்து முறை கோலியதில் ஒரு புழு அகப்பட்டது. மற்றக் கொசுப் புழுக்களைப் போல் தலைகீழாகத் தொங்காமல், நீர்ப்பரப்போடு ஒட்டி மட்டமாக மிதந்தது. அனோபிலிஸ்தான். எந்த அனோபிலிஸ், எஸ்ஸா, டியா, யுவா என்று கேட்டோம். வளர்த்து, இரத்தம் ஊட்டி, சூலகத்தை நசுக்கிப் பார்த்தால் சொல்லலாம் என்றார் நண்பர். அகப்பையை வெயில் காய்ந்த பாறையில் கவிழ்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கச்சிராயபாளையம் செல்லும் பேருந்தைப் பிடிக்க எழுந்து நடந்தோம்.